காக்கும் நஞ்சு: நீர்த் தூய்மைப் பணியில் வேதிப்பொருள்கள்

காலையில் குழாயைத் திறந்து குடத்தை வைத்ததும் சில நாள்களில் நீரோடு ஒரு மணமும் சேர்ந்து வருகின்றது. "இன்னைக்குத் தண்ணியில மருந்து அதிகம்" என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மருந்தின் பெயர் குளோரின். வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் குழாய் வழியாக வீட்டிற்குள் நுழையாமல் காத்து நிற்பது அதுவே. அதே குளோரினைத்தான் 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், பெல்ஜியம் நாட்டின் ஈப்ர நகரருகே ஜெர்மானியப் படையினர் உருளைகளிலிருந்து காற்றோடு திறந்துவிட்டனர். பதுங்கு குழிகளில் இருந்த வீரர்கள் மூச்சடைத்து மாண்டனர்.

ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நஞ்சாகவும் இருப்பது எப்படி? அளவு என்பது ஒரு விடை. அதைக் கையாள்பவன் அதன் இயல்பை அறிந்திருக்கிறானா இல்லையா என்பது மற்றொரு விடை. இந்த இரண்டாவது விடையைப் பற்றியதே இக்கட்டுரை.

"குளோரினின் பண்புகள் யாவை?" என்ற வினாவுக்கு ஐந்து மதிப்பெண்ணுக்காக விடை எழுதிப் பழகியவர்கள் நாம். அவ்விடையின் ஒவ்வொரு வரியும் நீர்த் தூய்மை நிலையத்தில் ஒரு பாதுகாப்பு விதியாக விளங்குகின்றது. நம்முள் பலர் நாளை மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளின் ஆய்வுக்கூடங்களுக்கும் நீர்ப் பிரிவுகளுக்கும் பணிக்குச் செல்லக்கூடியவர்கள். நம் தந்தையரும் தமையன்மாரும் ஏற்கெனவே அங்கு உழைத்து வருகின்றனர். ஆகவே இது தேர்வோடு முடிந்துவிடும் செய்தியன்று.

நம் பகுதியின் நீர்வழிகள்

சென்னையின் பொதுக் குடிநீர் வரலாறு வடசென்னையிலேயே தொடங்குகின்றது. கோட்டைக்கு நீர் வழங்குவதற்காக 1772-இல் ஏழுகிணறு ஏற்பாடு உருவாயிற்று. நூறாண்டுகள் கழித்து 1872-இல் செங்குன்றம் ஏரி நீரைக் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொணர்ந்து, அங்கிருந்து குழாய்களில் நகருக்குள் விட்டனர். ஏரியில் நீர் எப்படி இருந்ததோ அப்படியே அது வீடுகளுக்கும் வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. மணல் வடிகட்டி அழுக்கையும் கிருமிகளில் பெரும்பகுதியையும் நிறுத்தும், எல்லாவற்றையும் நிறுத்தாது. எஞ்சிய வேலையைச் செய்ய வந்ததே குளோரின். அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் 1908-இல் குளோரின் சேர்மத்தை இடைவிடாது கலக்கும் முறை தொடங்கியது. பின்னர் அது உலகெங்கும் பரவிற்று.

இன்று நம் பகுதியைச் சுற்றி மூன்று வகை நீர் தூய்மை செய்யப்படுகின்றது. முதலாவது, புழல் முதலான ஏரிகளின் நீர். இரண்டாவது, கடல்நீர். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2010-இல் தொடங்கப்பட்டது. மூன்றாவது, நகரின் கழிவுநீர். கொடுங்கையூரில் அக்கழிவுநீரை மூன்றாம் நிலைவரை தூய்மை செய்து, மணலி வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் 4.5 கோடி லிட்டர் நிலையம் 2019-இல் செயற்படத் தொடங்கிற்று. ஆலைகள் குடிநீரைக் குடிக்காமல் கழிவுநீரைப் பயன்படுத்துவது பாராட்டத்தக்க ஏற்பாடே.

ஆனால் நீர் எவ்வளவுக்கு அசுத்தமானதோ அவ்வளவுக்கு வேதிப்பொருளும் மிகுதியாக வேண்டும். ஏரிநீருக்குப் படிகாரம், சுண்ணாம்பு, குளோரின் ஆகியவை போதும். கடல்நீரையும் கழிவுநீரையும் சவ்வு வழியாக அழுத்தி வடிக்கும் நிலையங்களில் பொதுவாக ஃபெரிக் குளோரைடு, கந்தக அமிலம், எரிசோடா, சோடியம் ஹைப்போகுளோரைட், சோடியம் பைசல்ஃபைட் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. இவை யாவும் லாரிகளில் வந்து, மனிதர் கைகளால் தொட்டிகளுக்கு மாற்றப்படுகின்றன. நீர் தானாகக் குழாயில் ஓடுகின்றது. வேதிப்பொருள் தானாகத் தொட்டிக்குள் செல்வதில்லை.

பண்புகளே விதிகள்

ஆய்வுக்கூடத்தில் மாங்கனீசு டைஆக்சைடையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சூடாக்கிக் குளோரின் தயாரிப்பதை நாம் கண்டிருக்கிறோம். 1774-இல் ஷீலே என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் அதைக் கண்டறிந்த முறையும் ஏறத்தாழ அதுவே. பசுமை கலந்த மஞ்சள் நிறம் உடையதால், அந்நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1810-இல் ஹம்ஃப்ரி டேவி அதற்குக் குளோரின் எனப் பெயரிட்டார். இனி அதன் பண்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை நிலையத்தில் என்னவாக மாறுகின்றன என்று காண்போம்.

"குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது, ஆகையால் வாயுச் சாடியை நிமிர்த்தி வைத்துச் சேகரிக்கிறோம்" என்று எழுதுகிறோம். சாடியில் அடியிலிருந்து நிரம்புவது போலவே அது அறையிலும் தரையிலிருந்து நிரம்பும். எனவே குளோரின் அறையில் காற்றை வெளியேற்றும் விசிறியைக் கூரையில் அன்றித் தரையை ஒட்டி அமைக்க வேண்டும். அதை இயக்கும் விசையோ அறைக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே வாயு பரவியிருக்கும்போது விசையைத் தேடி உள்ளே செல்வது தற்கொலைக்கு ஒப்பாகும். கசிவின்போது பள்ளத்திலும் நிலவறையிலும் ஒளிந்துகொள்ளக் கூடாது. மேட்டுக்கும் மாடிக்கும் செல்ல வேண்டும் என்ற விதியும் இதே பண்பிலிருந்து பிறந்ததே.

"குளோரின் நீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் தரும்" என்பது அடுத்த வரி. இவற்றுள் முன்னது கிருமியைக் கொல்கின்றது. நமக்கு வேண்டியது அது. ஆனால் நம் கண், மூக்கு, நுரையீரல் ஆகியவற்றின் உட்புறம் யாவும் ஈரமானவை. குளோரின் அங்கே சேர்ந்தால் அங்கேயே அமிலம் உண்டாகின்றது. அதனாலேயே எரிச்சலும் மூச்சுத் திணறலும் தோன்றுகின்றன. இதே பண்பு இரும்புக்கும் பகையாகும். உலர்ந்த குளோரின் எஃகு உருளையை ஒன்றும் செய்யாது. ஈரமான குளோரினோ அதை அரித்துத் தின்றுவிடும். ஆகவே உருளையில் கசிவு காணும் இடத்தில் நீரைப் பீய்ச்சக் கூடாது. தீயை அணைக்கும் பழக்கத்தில் நீரைப் பீய்ச்சினால், ஊசித்துளை அளவான கசிவு சிறிது நேரத்தில் பெரிய ஓட்டையாக மாறிவிடும்.

"அம்மோனியாவுடன் சேர்ந்து வெண்புகை தரும்" என்று இன்னொரு வரி எழுதுவோம். நிலையத்தில் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியே இதுதான். அம்மோனியா நீர் வைத்திருக்கும் புட்டியின் ஆவியை இணைப்புகளின் அருகே கொண்டு செல்வார்கள். எங்கே வெண்புகை எழுகின்றதோ அங்கே கசிவு உள்ளது. கண்ணுக்குத் தெரியாத சிறு கசிவையும் இது காட்டிக்கொடுத்துவிடும்.

"காரங்கள் குளோரினை உறிஞ்சும்" என்பதும் நாம் அறிந்ததே. 71 கிலோ குளோரினை உறிஞ்ச 80 கிலோ எரிசோடா வேண்டும் என்று சமன்பாட்டிலிருந்து கணக்கிடலாம். நிலையங்களில் எரிசோடாக் கரைசலோ சுண்ணாம்புப் பாலோ நிறைந்த தொட்டி வைத்திருப்பது இதற்காகவே. கசியும் வாயுவை அதற்குள் செலுத்தினால் நஞ்சு அடங்கும். கணக்குப்படி வேண்டிய அளவைவிடக் கூடுதலாகவே கரைசல் இருக்க வேண்டும். தொட்டி இருந்து கரைசல் இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரமேயாகும்.

உருளைக்குள் இருப்பது என்ன?

மேட்டூர், சாகுபுரம் போன்ற இடங்களில் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி எரிசோடா எடுக்கும்போது உடன் கிடைப்பது குளோரின். அதை அழுத்தித் திரவமாக்கி உருளைகளில் அடைக்கிறார்கள். நீர் நிலையங்களில் வழங்கும் பெரிய உருளைக்கு 'டன்னர்' என்று பெயர். அதனுள் சுமார் 900 கிலோ குளோரின் இருக்கும்.

எத்தனை உருளைகள் வேண்டியிருக்கும்? ஒரு லிட்டர் நீருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்ப்பதாகக் கொள்வோம். 10 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு 200 கிலோ வேண்டும். ஒரு டன்னர் நான்கரை நாள்களில் தீரும். எனவே ஒரு நடுத்தர நிலையத்திலும் எப்போதும் சில டன்னர்கள் கையிருப்பில் கிடக்கும். வீட்டுக் குழாயில் எஞ்சி வரவேண்டிய குளோரினோ லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவே.

மற்றொரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 900 கிலோ குளோரின் வாயுவாக மாறினால் சுமார் 310 கன மீட்டர் ஆகும். காற்றில் பத்து இலட்சத்தில் 10 பங்கு குளோரின் இருந்தாலே உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என்று தொழில்நல வல்லுநர்கள் வரையறுத்துள்ளனர். அப்படியானால் ஒரே ஒரு டன்னர் 3 கோடி கன மீட்டருக்கு மேற்பட்ட காற்றை அந்த அளவுக்குக் கெடுக்க வல்லது. அதாவது 3 சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 மீட்டர் உயரம் வரை! மெய்யுலகில் வாயு இப்படிச் சீராகக் கலப்பதில்லை. காற்று அதை ஒரு பக்கமாக இழுத்துச் செல்லும். ஆயினும் வீட்டு வாயிலில் நிற்கும் ஒரு லாரிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கின்றது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

திரவக் குளோரின் மைனஸ் 34 டிகிரி செண்டிகிரேடில் கொதிக்கும். வெளியே வந்தால் ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 460 லிட்டர் வாயுவாக விரியும். இந்த ஒரு செய்தியிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன.

முதலாவது: படுக்கவைத்த டன்னரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரு வால்வுகள் நிற்கும். மேல் வால்வில் வாயு வரும். கீழ் வால்வில் திரவம் வரும். கசிவு திரவப் பகுதியில் இருந்தால், டன்னரை உருட்டிக் கசியும் இடத்தை மேற்புறமாகக் கொண்டுவர வேண்டும். அவ்வாறு செய்த அளவிலேயே திரவம் வெளியேறுவது நின்று, வாயு மட்டும் கசியும். கசிவின் கொடுமை பன்மடங்கு குறையும். இதைச் செய்ய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. அறிவும் பயிற்சியும் இருந்தால் போதும்.

இரண்டாவது: வாயுவை வேகமாக எடுத்தால் திரவம் ஆவியாகி உருளை குளிர்ந்து, அதன்மேல் உறைபனி படியும், வாயு வருவது குறையும். அப்போது வெந்நீர் ஊற்றுவோமா, விளக்கைக் காட்டுவோமா என்று தொழிலாளிக்குத் தோன்றும். அது கூடவே கூடாது. உருளையில் சுமார் 70 டிகிரி வெப்பத்தில் உருகும் உலோக அடைப்புகள் உள்ளன. தீவிபத்தில் உருளை வெடிக்காமல் காப்பதற்கென வைத்த அந்த அடைப்பு உருகினால், உள்ளிருப்பது முழுவதும் வெளியே வந்துவிடும். வேகம் போதாவிட்டால் இன்னோர் உருளையை உடன் இணைப்பதே முறையாகும்.

மூன்றாவது: உருளையை மாற்றும்போதெல்லாம் இணைப்பில் புதிய ஈய வாஷர் போட வேண்டும். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாகப் பொருந்தாது. சில ரூபாய் வாஷரில் சிக்கனம் பார்த்து, 900 கிலோ நஞ்சைத் திறந்துவிடுவது சிக்கனமாகாது.

கலக்கக் கூடாதவை

குளோரின் வாயு ஆபத்தானது என்பதால் பல நிலையங்கள் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலுக்கு மாறி வருகின்றன. இது நல்ல மாற்றமே; உருளை வெடிக்குமோ என்ற அச்சம் இல்லை. ஆனால் இதற்குள்ளும் அதே நஞ்சு உறங்கிக்கொண்டிருக்கிறது. ஹைப்போகுளோரைட்டுடன் எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு விடுபடும்.

அமிலம் என்றவுடன் கந்தக அமிலம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றே நினைக்கிறோம். படிகாரக் கரைசலும் ஃபெரிக் குளோரைடும் அமிலத்தன்மை உடையவையே. பார்ப்பதற்கு உப்புகள், நீரில் கரைந்தால் அமிலம் போல் நடப்பவை. பெரும்பாலான நீர் நிலையங்களில் இவையும் ஹைப்போகுளோரைட்டும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒரே வாளியையோ ஒரே ரப்பர்க் குழாயையோ இரண்டுக்கும் பயன்படுத்துவது ஆபத்தை அழைப்பதாகும்.

இது வீட்டிலும் நிகழக்கூடியது. கழிவறையைத் துப்புரவு செய்யப் பிளீச்சிங் பவுடரைத் தூவி, கறை போகவில்லை என்று அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றுவோர் உண்டு. மூடிய சிறு அறையில் உடனே குளோரின் எழும். இரண்டில் ஒன்றை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இதை இன்றே வீட்டில் சொல்லுங்கள்.

ஏனைய பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கந்தக அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எரிசோடா கரையும்போதும் சுட்ட சுண்ணாம்பு நீறும்போதும் கடும் வெப்பம் பிறக்கும். எரிசோடா தோலில் பட்டால் முதலில் வழவழப்பாகத்தான் இருக்கும். வலி பிறகே தெரியும். கண்ணில் பட்டால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் குறைந்தது கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடரை ஈரம், வெயில், எண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

கழிவுநீர் நிலையங்களில் யாரும் கொண்டுவராத ஒரு நஞ்சும் உண்டு. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றத்தால் அதை அறியலாம் என்று படிக்கிறோம். ஆனால் அதன் அளவு பத்து இலட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கின் உணர்வு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று எண்ணியவன் மீள்வதில்லை. அவனைத் தூக்கச் சென்றவனும் மீள்வதில்லை. கழிவுநீர்த் தொட்டிகளில் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அளவிடும் கருவியை நம்ப வேண்டும். மூக்கை நம்பக் கூடாது.

தவறான தொட்டி

பொருள்களின் இயல்பு தெரிந்திருந்தும் விபத்து நேர்வதுண்டு. தொட்டி மாறிப்போவது அதற்கொரு காரணம். இதற்கு இரு நிகழ்ச்சிகளைக் காட்டலாம்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கேமல்ஃபோர்டு என்ற சிற்றூர் உள்ளது. அதற்கு நீர் வழங்கும் லோயர்மூர் நிலையத்துக்கு 1988-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள் ஒரு லாரி 20 டன் அலுமினியம் சல்ஃபேட் கரைசலைக் கொண்டுவந்தது. வந்தவர் வழக்கமான ஓட்டுநர் அல்லர். நிலையத்தில் ஆள் இல்லை. தொட்டி இடப்பக்கம் இருக்கும் என்று மட்டுமே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கையிலிருந்த சாவி வேறொரு மூடிக்கும் பொருந்தியது. 20 டன் கரைசலும் தூய்மை செய்து முடித்த குடிநீர்த் தொட்டிக்குள் சென்றது. சுமார் 20,000 மக்களின் குழாய்களில் அமில நீர் வந்தது. அது வழியிலிருந்த செம்பையும் ஈயத்தையும் கூட அரித்துக் கொண்டுவந்தது. நீர் அச்சமின்றிக் குடிக்கத்தக்கது என்றே முதலில் மக்களுக்குச் சொல்லப்பட்டது. நடந்தது இன்னதென்று பத்திரிகை வழியாக ஊராருக்குத் தெரிந்தபோது இரண்டு வாரங்களுக்கு மேல் கடந்துவிட்டன.

அடுத்தது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள அட்ச்சிசன் நகரில் நடந்தது. தானியங்களைப் பதப்படுத்தும் ஓர் ஆலைக்கு 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் லாரியில் கந்தக அமிலம் வந்தது. அமிலத்தை ஏற்றும் குழாய்வாயும் ஹைப்போகுளோரைட் ஏற்றும் குழாய்வாயும் அரை மீட்டருக்கும் குறைவான இடைவெளியில், ஒரே தோற்றத்தில் இருந்தன. பெயர்ப்பலகை தெளிவாக இல்லை. பூட்டியிருக்க வேண்டிய வாய் திறந்திருந்தது. அமிலம் ஹைப்போகுளோரைட் தொட்டிக்குள் இறங்கியது. பச்சை மேகம் ஊரின்மேல் எழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி நாடினர்.

இரண்டிலும் ஓட்டுநரைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. ஆனால் மனிதன் தவறுவான் என்பதை முன்கூட்டியே எண்ணி அமைப்பதுதான் பாதுகாப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் வேறு வேறு வடிவில் குழாய்வாய், மற்றொன்றில் பொருந்தாத இணைப்பு, தனித்தனிப் பூட்டு, ஓட்டுநருக்கும் காவலருக்கும் புரியும் மொழியில் பெரிய எழுத்துப் பலகை, இறக்கும்போது நிலையத்தின் ஆள் ஒருவர் கட்டாயம் உடனிருத்தல். இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது எது?

துறைமுகங்கள் தரும் பாடம்

நாம் வாழ்வது துறைமுகப் பகுதி. நீர் நிலையத்தின் வேலிக்குள் மட்டுமன்றி, இப்பொருள்கள் வரும் வழியிலும் கிடக்கும் இடத்திலும் ஆபத்து உண்டு.

2010-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் மும்பைத் துறைமுகத்தின் செவ்ரி பகுதிக் கிடங்கில் குளோரின் கசிந்தது. உரிமை கொண்டாட எவரும் வராமல் பல ஆண்டுகள் கிடந்து துருப்பிடித்த உருளைகள் அவை. அருகிலிருந்த கடல்சார் கல்லூரி மாணவர்களும் தீயணைப்பு வீரர்களும் உட்படப் பலர் பாதிக்கப்பட்டனர். 2022-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் ஜோர்டான் நாட்டின் அக்காபா துறைமுகத்தில், கப்பலில் ஏற்றும்போது கம்பிவடம் அறுந்து, சுமார் 25 டன் குளோரின் தொட்டி தளத்தில் விழுந்து பிளந்தது. 13 பேர் மாண்டனர். முதல் நிகழ்ச்சிக்கு மறதி காரணம். இரண்டாவதற்கு ஒரு வடம்.

நம் மணலியிலும் அத்தகைய மறதி இருந்தது. 2015-இல் கைப்பற்றிய சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட் அங்குள்ள ஒரு சரக்குப்பெட்டக நிலையத்தில் ஐந்தாண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் அதே பொருளால் வெடித்துச் சிதறிய பிறகே அது இங்கிருந்து அகற்றப்பட்டது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே நடந்ததை நாம் மறக்க முடியாது. கப்பலிலிருந்து கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, கடலில் குமிழிகள் எழுந்தன. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்.

அம்மோனியாவும் குளோரினும் ஒன்றல்ல. அம்மோனியா வாயு காற்றைவிட இலேசானது. ஆயினும் குளிர்ந்த நிலையில் கசியும்போது பனிப்படலம் போல் தாழ்ந்து பரவும். அது நீரில் மிக எளிதாகக் கரையும். எனவே நீர்த் திரை அமைத்து அதைத் தடுக்கலாம். கசிவது எது என்று தெரியாமல் என்ன செய்வதென்று முடிவெடுக்க இயலாது. அன்றிரவு ஓடிய தாய்மாருக்கு, வருவது எந்த வாயு, எப்பக்கம் ஓட வேண்டும் என்று முன்னமே யார் சொல்லியிருந்தார்கள்? இக்கட்டுரை எழுதத் தூண்டிய வினா இதுவே.

கசிவு நேர்ந்தால்

நிலையத்தில் பணிபுரிவோர் தனியாக உள்ளே செல்லக் கூடாது; இருவராகவே செல்ல வேண்டும், மூன்றாமவர் வெளியே காத்திருக்க வேண்டும். தன்னுள்ளேயே காற்று கொண்ட மூச்சுக்கருவியை அணிய வேண்டும். அது குளோரின் அறைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்க வேண்டும். வால்வு, உருகடைப்பு ஆகியவற்றின் கசிவை மூடும் அவசரக் கருவிப்பெட்டி எங்கே இருக்கிறது என்பதும் அதைப் பூட்டும் முறையும் எல்லா வேளைப் பணியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பகல் வேளைப் பொறியாளருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

பொதுமக்கள் முதலில் காற்றின் திசையைப் பார்க்க வேண்டும். காற்று போகும் திசையிலேயே ஓடினால் வாயுவும் உடன் வரும். காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கம் செல்ல வேண்டும். காசிமேட்டு மீனவப் பெரியவர்களுக்குக் கொண்டலும் வாடையும் தென்றலும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கன்னத்தில் படும் காற்றைக் கொண்டே திசை சொல்வார்கள். அந்த அறிவு இங்கே உயிர் காக்கும். ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொள்வது வெளியேறும் வரையில் சிறிது உதவும். வெளியேற வழியில்லாவிட்டால் மாடிக்குச் சென்று சன்னல் கதவுகளை அடைத்து, இடுக்குகளில் ஈரத்துணி வைக்கலாம்.

குளோரினைச் சுவாசித்தவரை நடக்கவிடாமல் ஓய்வாக வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். "இப்போது சரியாகிவிட்டது" என்று அவர் சொன்னாலும் விட்டுவிடக் கூடாது; நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

அறியும் உரிமை

இந்தியாவில் இதுபற்றிய சட்டங்கள் துயரத்திலிருந்தே பிறந்தன. 1984 டிசம்பரில் போபால் நகரில் மெதில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அடுத்த ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையில் ஓலியம் கசிந்தது. ஆபத்தான தொழிலை நடத்துவோர், தவறு தம்முடையதல்ல என்று சொல்லித் தப்ப முடியாது. விளைந்த தீங்குக்கு முழுப் பொறுப்பும் அவர்களுடையதே என்ற கோட்பாட்டை அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் வகுத்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அவ்வாண்டே வந்தது. 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஆபத்தான பொருள்களைப் பற்றித் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்கும் கடமை நிர்வாகத்துக்கு ஏற்பட்டது. உடனடி ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்தது. 1989-ஆம் ஆண்டு விதிகள் ஆலைக்கு உள்ளேயும் வெளியேயும் அவசரகாலத் திட்டம் வேண்டும் என்றன.

சட்டம் எழுத்தில் இருக்கின்றது. ஆனால் அமில லாரியின் குழாயை இணைக்கும் கை பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளியின் கை. நேற்று வேறு வேலை, இன்று இந்த வேலை என்று வந்த அவரிடம் ஆங்கிலத்தில் அச்சிட்ட எச்சரிக்கைத் தாளைக் கொடுப்பது தெரிவித்ததாகுமா? "குளோரின் காற்றைவிடக் கனமானது" என்ற வரியை நாம் ஐந்து மதிப்பெண்ணுக்காக அறிந்திருக்கிறோம். அதை உண்மையில் அறிய வேண்டிய அவர் அறியாமல் உருளையின் பக்கத்தில் நிற்கிறார். கல்வி தவறான தொட்டிக்குள் போய்விட்டது என்று இதைச் சொல்லலாம் அல்லவா?

மாணவ நண்பர்களே, நம்மால் இயன்ற சிறு பணி ஒன்று உண்டு. நம் துறையின் வேதியியல் மன்றமும் நாட்டு நலப்பணித் திட்டமும் இணைந்து, நீர்த் தூய்மையில் வழங்கும் பத்துப் பொருள்களுக்கு எளிய தமிழில் பத்து அட்டைகள் எழுதலாம். பொருளின் பெயர், தோற்றம், எதனுடன் சேரக் கூடாது, உடலில் பட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ற நான்கே செய்திகள் போதும். பேராசிரியர்கள் சரிபார்த்துத் தந்தால், குப்பங்களிலும் ஆலை வாயில்களிலும் நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம்; காற்றுத் திசை பார்த்து விலகும் முறையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம்.

குளோரினைக் கைவிட்டால் வாந்திபேதி திரும்பி வரும். எனவே அந்த நஞ்சுடன் வாழ்ந்தே தீர வேண்டும். அதை அறிந்து வாழ்வதா, அறியாமல் வாழ்வதா என்பதே கேள்வி. நாளைக் காலை குழாய்நீரில் அந்த மணம் வரும்போது, எங்கோ ஒரு நிலையத்தில் இரவுப் பணியில் வால்வைத் திருகிக்கொண்டிருக்கும் ஒரு தொழிலாளியை நினைத்துக்கொள்வோம். நாம் கற்றது அவரையும் சென்றடையட்டும்.